காயத்தைக் காற்றில் உலரவிடுவதும் வேறு சில தவறுகளும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை பிரிப்பவர்களின் கையில் கெளுத்தி முள் குத்துவதும் நைலான் நூல் அறுப்பதும் அன்றாடம் நடப்பவை. கையைக் கடல் நீரிலேயே அலசி, காப்பித்தூளையோ மஞ்சளையோ அப்பி, காற்றுப்பட விட்டுவிட்டால் புண் ஆறிவிடும் என்ற நம்பிக்கை அங்கே மட்டுமல்ல, புதுச்சேரியின் படித்த குடும்பங்களிலும் இருக்கிறது. தோலின் செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால், இதில் ஒவ்வொரு படியும் அவற்றுக்கு இடையூறு என்பது விளங்கும்.

மேல்தோலின் அடியடுக்கில் உள்ள கெரட்டினோசைட் செல்கள் ஓயாமல் பிரிந்து, மேலே ஏறி, ஏறத்தாழ 4 வாரங்களில் உதிர்ந்துவிடுகின்றன. தோல் கிழிந்ததும் விளிம்பில் இருக்கும் செல்கள் பக்கத்துச் செல்களோடு கொண்ட பிடிப்பைத் தளர்த்தி, தட்டையாகி, புண்ணின் தரைமீது ஊரத் தொடங்குகின்றன. மேலோட்டமான சிராய்ப்பில் மயிர்க்கால்களிலிருந்தும் செல்கள் கிளம்பி வருவதால் அது சீக்கிரம் மூடிக்கொள்கிறது. மயிர்க்கால்களும் அழிந்துபோன ஆழமான புண்ணோ விளிம்பிலிருந்து மட்டுமே மூடியாக வேண்டும்.

ஊர்வதற்கு ஈரம் வேண்டும். புண் உலர்ந்து பொருக்குத் தட்டினால், செல்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி, வழியை அரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடி, மற்றவற்றைத் திறந்து விட்டபோது, மூடியவற்றில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ஆகவே சுத்தமான சிறு காயத்தைக் குழாய் நீரில் கழுவி, மெல்லிதாக வாஸ்லின் தடவி, கட்டுப்போட்டு வைப்பதே சரி. ஈரம் என்றால் ஊறப்போடுவது என்று பொருளல்ல. விளிம்புத் தோல் வெளுத்துச் சுருங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம். ஒட்டிக்கொண்ட துணியை உலர்ந்தபடியே பிய்த்தெடுப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் அதுவரை ஊர்ந்து வந்த செல்களின் மெல்லிய படலமும் துணியோடு போய்விடும். சலைன் விட்டு நனைத்து, பொறுமையாக எடுக்க வேண்டும்.

எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. தோலுக்கு வலுக்கொடுக்கும் கொலாஜன் இழைகளை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களையும் சேர்த்தே தாக்குகின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடுவதால் புண் ஆறுவதுபோல் தோன்றும். உண்மையில் அது அழுக்கையும் இறந்த திசுவையும் விழுங்கி அப்புறப்படுத்தும் மேக்ரோஃபேஜ் செல்களின் வேலையையும் சேர்த்தே அடக்குகிறது. முதல் 2, 3 நாள் புண்ணைச் சுற்றி இலேசாகச் சிவந்து வீங்குவது அந்தச் செல்களின் வருகைதான். அதற்குப் பிறகும் சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, சீழ் வைத்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீனும் முட்டையும் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று, மீன் மலிந்த கடற்கரையிலேயே தையல் போட்டவருக்கு ரசஞ்சோறு மட்டும் கொடுக்கிறார்கள். கொலாஜன் ஒரு புரதம். அதை உறுதியான இழையாகத் திரிக்க வைட்டமின் சியும் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவருக்கு மீனை நிறுத்துவது கொத்தனாருக்குச் செங்கலை நிறுத்துவதற்குச் சமம். நெல்லிக்காயும் கொய்யாவும் கூடவே இருக்கட்டும்.

கடல் நீர் விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. உப்பனாறு போல ஆறும் கடலும் கலக்கும் வெதுவெதுப்பான நீரில் வாழக்கூடிய விப்ரியோ வகைக் கிருமிகளில் சில, கல்லீரல் நோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் உயிராபத்து விளைவிக்கும். ஒரு நாளுக்குள் சிவப்பு வேகமாக ஏறினாலோ கருஞ்சிவப்புக் கொப்புளம் கிளம்பினாலோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ அன்றே போக வேண்டும். ஆழமாகக் குத்திய முள்ளுக்கு டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்பதும் அவசியம்.

சர்க்கரை நோயாளிகளின் காலில் வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நரம்பு மரத்துப்போனதுதான் பெரும்பாலும் காரணம். இரத்தச் சர்க்கரை ஏறியிருக்கையில் விளிம்புச் செல்கள் நகராமல் தேங்கி, புண் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும்.

தையல் பிரித்த மறுநாளே கயிறு இழுக்கப் போவதும் தவறு. மேலே மூடியிருந்தாலும், காயம்பட்டு 3 வாரத்தில் அந்த இடத்துக்குத் தோலின் இயல்பான வலுவில் 20 சதவீத அளவே இருக்கும். கொலாஜன் இழைகள் மாற்றி அடுக்கப்பட்டு, பல மாதங்கள் கழித்தும் அது 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அந்த மாதங்களில் தழும்பின்மீது நேராக வெயில் பட்டால் அது கறுத்து நிலைத்துவிடும் என்பதால், படகில் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை அணிவது நல்லது.