ஊசி இருக்கிறது, நூல் இருக்கிறது, என்ன பின்னுவது?

என் கைபேசியில் ‘பின்ன வேண்டியவை’ என்று ஒரு தொகுப்பு வைத்திருந்தேன். ஐந்நூறு படங்களுக்கு மேல் சேர்ந்திருந்தன. நான்கு வருடங்களில் அவற்றிலிருந்து நான் பின்னி முடித்தது ஒரே ஒரு தொப்பி. அதே நான்கு வருடங்களில் வேறு பதினான்கு பொருட்கள் முடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அந்தத் தொகுப்பைப் பார்த்துச் செய்ததில்லை. சின்னவள் தண்ணீர் பாட்டிலைத் தினமும் கீழே போட்டுக்கொண்டிருந்தாள், அதற்கு ஓர் உறை. கணினி முன்னால் உட்கார்ந்தால் மணிக்கட்டு சில்லிட்டுப்போகிறது என்றார் கணவர், அவருக்கு விரலில்லாத கையுறை. அத்தையின் மூக்குக்கண்ணாடி எப்போதும் சோபா இடுக்கில்தான் கிடைக்கும், அதற்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பை.

வீட்டில் ஆட்கள் நடமாடுகிற வரைக்கும் பின்னுவதற்கு விஷயம் இருந்துகொண்டேதான் இருக்கும். ‘ஒன்றும் தோன்றவில்லையே’ என்று நாம் உட்கார்ந்திருப்பதற்குச் சில பழக்கங்கள் காரணம். எல்லாமே நான் செய்து பார்த்த தவறுகள்தான்.

படத்தைச் சேர்த்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைப்பது

படங்களைச் சேர்ப்பதில் தப்பில்லை. சேர்த்ததும் ஒரு நிறைவு வருகிறதே, அதுதான் வினை. படத்தில் இருப்பது முடிந்த பொருள். எத்தனை இரவுகளை அது தின்றது, எவ்வளவு பருமனான நூல், பின்னியவர் வீட்டில் யார் யார் குறுக்கே வந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது. இப்போது எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு படம் பிடித்திருந்தால், அதில் எது பிடித்தது என்று ஒரே வரி எழுத வேண்டும். ‘மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம்.’ ‘கழுத்தோரம் தானாகச் சுருண்டு நிற்கிறது.’ எழுத வரவில்லையென்றால் படத்தை அழித்துவிடுவேன். அந்த ஒரு வரிதான் நமக்கு உதவும். மஞ்சளும் சாம்பலும் ஸ்வெட்டரிலிருந்து இறங்கி வந்து பாட்டில் உறையில் உட்காரும்.

வீட்டை விட்டு வெளியே தேடுவது

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து வந்தவர்கள். துணிக்கு அவர்கள் பெரும்பாலும் எங்கும் போகவில்லை. வயலில் உழைத்து நைந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி ஒட்டினார்கள். முழங்கால் பட்டு வெளுத்த இடம், பையைப் பிரித்தெடுத்ததும் வெளுக்காமல் தெரியும் திட்டு எல்லாம் அப்படியே போர்வையின் வடிவமாகின. மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்வதற்காக. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர் வரை போயின. தைத்த நாளில் அவை வீட்டில் போர்த்திக்கொள்வதற்காகத் தைக்கப்பட்டவை.

இதைப் படித்த பிறகுதான் நான் துவைக்கும் கூடையைக் கவனிக்க ஆரம்பித்தேன். எந்தச் சட்டையை யார் விடாமல் போடுகிறார்கள், எந்த முழங்கை முதலில் நைகிறது, எந்தப் போர்வைக்காகச் சண்டை நடக்கிறது என்று ஒரு வாரம் பார்த்தால் போதும். நாற்காலி முதுகில் தொங்கும் பழைய சால்வைக்கு அருகில் ஜன்னல் திரை எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் நிறச்சேர்க்கையும் கிடைத்துவிடும்.

கையில் இருக்கிற நேரத்துக்குப் பொருந்தாத வேலையை எடுப்பது

பலருக்கு ஆர்வம் வற்றிப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ‘ஆற அமர உட்கார நேரம் கிடைக்கட்டும்’ என்று காத்திருப்போம். அந்த நேரம் வரவே வராது. அல்லது பூவேலை நிறைந்த லேஸ் சால்வை ஒன்றை ஆரம்பித்துவிட்டு, பதினேழாவது கண்ணியில் (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) ‘அம்மா, என் பென்சில் எங்கே?’ என்ற குரல் கேட்டதும் எண்ணிக்கையைத் தொலைப்போம். மூன்று முறை தொலைத்தால் அந்தப் பையைத் திறக்கவே மனசு வராது. யோசனை தீர்ந்துவிட்டது என்று அப்போது நமக்குத் தோன்றும். உண்மையில் வேளையும் வேலையும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு எப்போதும் இரண்டு வேலைகள் ஓடும். ஒன்று மூளை கேட்கும் வேலை, பிள்ளைகள் தூங்கிய பிறகு மட்டும். மற்றொன்று கை மட்டும் போதுமான வேலை, எங்கேயும் எப்போதும். இரண்டாவதற்கு கார்ட்டர் பின்னலை அடிக்க ஆளில்லை. எல்லா வரிசையும் ஒரே நிட் கண்ணிதான், அதாவது நூலைப் பின்னால் வைத்துப் பின்னும் அடிப்படைக் கண்ணி. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும், அதனால் எவ்வளவு குறுக்கீடு வந்தாலும் மேடுகளை எண்ணினால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். வரிசை நடுவில் எழுந்துபோக நேர்ந்தால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று குழம்ப வேண்டாம். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் இருக்கிறதோ, அது வலக்கைக்கு வர வேண்டும். (கண்ணாடி பிம்பம்போலப் பின்னும் இடக்கைக்காரர்களுக்கு மட்டும் இது தலைகீழ்.) லேஸ் வேலையில் பத்து வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஒரு மெல்லிய நூலைக் கோத்து விட்டுவிடுங்கள். பிழை வந்தால் அந்த நூல் வரைக்கும் பிரித்தால் போதும், முழுவதும் போகாது.

மாதிரித் துண்டைத் தண்டனையாக நினைப்பது

மாதிரித் துண்டு என்பது வேலையைத் தொடங்கும் முன் அதே நூலில் பின்னி அளந்து பார்க்கும் சிறு சதுரம். 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) சொல்கிறது, உங்கள் கைக்கு 22 விழுகிறது. இரண்டு கண்ணிதானே என்று விட்டால், 200 கண்ணி போட்ட ஸ்வெட்டர் 100 செ.மீ. சுற்றளவுக்கு வருவதற்குப் பதில் 91-இல் நின்றுவிடும். அப்பாவுக்குப் போட்டது அண்ணன் மகனுக்குப் போய்ச் சேரும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் தப்பிக்கப் பார்ப்போம்.

நான் தப்பிக்காமல் இருக்கக் காரணம் கணக்கு அல்ல. மாதிரித் துண்டு ஒரு கிறுக்கல் தாள். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், வீட்டில் யாரையும் காக்க வைக்காது, அதில் தப்பே கிடையாது. இரண்டு நிறம் சேருமா, இந்த நூலில் முறுக்குப் பின்னல் எடுபடுமா என்று அதில்தான் தெரியும். என் பாதி யோசனைகள் அங்கே வந்தவை. துவைத்து உலர்த்திய பிறகு அளந்துவிட்டு, துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நாற்பது சேர்ந்தால் ஒரு போர்வைக்கு ஆகும்.

பிள்ளையின் ஓவியத்தைக் கட்டத்தாளில் அப்படியே இறக்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அவமானம் என்னுடையது என்பதால். பெரியவன் ஐந்து வயதில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்தான். நல்ல நீளக் கழுத்து. கணக்கு நோட்டின் சதுரக் கட்டங்களில் அதை ஏற்றி, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று ஸ்வெட்டரின் முன்பக்கம் பின்னினேன். முடித்துக் காட்டியபோது அவன் கேட்டான், “இது ஏம்மா ஆடு மாதிரி இருக்கு?”

காரணம் எளிது. ஒரு பக்கம் நிட், மறுபக்கம் அதன் தலைகீழான பர்ல் என்று பின்னும் சாதாரணப் பின்னலில் கண்ணி சதுரமாக இருக்காது. உயரத்தைவிட அகலம் அதிகம். நடுத்தர நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி என்றால், அதே 10 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 28 வரிசை தேவைப்படும். 20 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம் உள்ள வட்டம் பின்னலில் 10 செ.மீ. அகலமும் 7 செ.மீ. உயரமுமாக நசுங்கிவிடும். கழுத்து நீண்ட மிருகங்களுக்கு இது பெரிய அநியாயம்.

மாற்று வழி இரண்டு உண்டு. உங்கள் மாதிரித் துண்டின் கணக்குப்படி உயரத்தில் கட்டங்களைக் கூட்டிக்கொண்டு வரையுங்கள். இந்தக் கணக்குக்கு ஐந்து கட்டம் உயரமுள்ளதை ஏழாக்க வேண்டும். அல்லது கார்ட்டர் பின்னலுக்கு மாறுங்கள். அதில் ஒரு கண்ணியின் அகலமும் இரண்டு வரிசை சேர்ந்த ஒரு மேட்டின் உயரமும் ஏறத்தாழ சமம். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி, இரண்டு வரிசை என்று போட்டால் நோட்டில் இருப்பதே துணியிலும் வரும்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஊசியைக் கொடுத்து உட்கார வைப்பதும் சரிப்படாது. ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் அழுகை வரும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பொத்தானைத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் சேர்க்கும் நிறங்களை நாம் கனவிலும் சேர்க்க மாட்டோம்.

யாருக்குப் பின்னுகிறோமோ அவரைக் கேட்காமல் இருப்பது

‘திடீரென்று கொடுத்து அசத்த வேண்டும்’ என்ற ஆசை பொல்லாதது. கம்பளி கழுத்தில் அரிக்கும் என்பவருக்குக் கழுத்துச் சால்வை பின்னிக் கொடுத்தால், அவர் நன்றி சொல்லி மடித்து வைத்துவிடுவார். எந்த நிறம், எந்த இடத்தில் அரிக்கிறது, எப்படித் துவைப்பீர்கள் என்று கேட்டாலே பாதி வடிவம் கிடைத்துவிடும். கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். சாதாரணக் கம்பளி நூலின் இழைகளில் மீன்செதில்போல நுண்செதில்கள் உண்டு. சுடுநீரும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு துணி தடித்துச் சுருங்கும், பிறகு எதனாலும் பிரிக்க முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாமே துவைக்கும் இயந்திரத்துக்குத்தான் போகும். அங்கே பருத்தி, அல்லது இயந்திரத் துவைப்பைத் தாங்கும்படி பதப்படுத்திய கம்பளி.

குழந்தைகளுக்கு என்றால் இன்னும் சில. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ., ஒரு வயதில் சுமார் 46. ‘பிறந்ததும் போடலாம்’ என்று பின்னும் தொப்பிக்கு ஆயுசு சில வாரங்கள்தான். ஆறு மாதம் தள்ளி அளவெடுங்கள், அந்த ஆறாவது மாதம் வெயில்காலமா குளிர்காலமா என்றும் பாருங்கள். இரண்டு நிறப் பின்னலில் உள்பக்கம் நீளமாக ஓடும் நூலில் குட்டி விரல்கள் மாட்டிக்கொள்ளும், சுற்றி இறுக்கவும் செய்யும். கையுறையிலும் காலுறையிலும் அது வேண்டாம். கழுத்தில் கட்டும் நாடாவும், பிய்ந்து வாய்க்குப் போகக்கூடிய பொத்தானும் வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. ஆகவே நீங்கள் பின்னும் போர்வை தரையில் விரித்துக் குழந்தை தவழ்வதற்கு என்று மனதில் வைத்தே நிறமும் அளவும் யோசியுங்கள்.

கணக்குப் போடாமல் பெரிய யோசனையில் குதிப்பது

ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம் என்று வருடம் முழுக்கப் பின்னும் வெப்பநிலைப் போர்வை பலரையும் ஈர்க்கிறது. வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கியது என்பதற்கு நிறம் வைத்தவர்கள்கூட இருக்கிறார்கள். ஊசியைத் தொடும் முன் ஒரு பெருக்கல் போடுங்கள். 10 செ.மீ.க்கு 28 வரிசை என்றால் 365 வரிசைக்கு 130 செ.மீ. வரும், மடியில் போட்டுக்கொள்ள அளவானது. ‘நாளைக்கு இரண்டு வரிசை’ என்றால் 260 செ.மீ., கட்டிலைத் தாண்டித் தரையில் புரளும்.

நூலை முதலில் வாங்கிவிட்டு யோசனைக்குக் காத்திருப்பதும் இதே ரகம். அழகாக இருக்கிறதே என்று எடுத்த ஒற்றை உருண்டை ஒன்றுக்கும் போதாது. மறுபடி போனால் அதே நிறத்தில் வேறு சாயத்தொகுதி, அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றிய நூல், இருக்கும். லேபிளில் எண் வேறாக இருந்தால் பக்கத்தில் வைக்கும்போது நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

அரைகுறை வேலைகளைக் குற்ற உணர்வோடு பூட்டி வைப்பது

பை பையாகக் கிடக்கும் அரைகுறைகள் புது யோசனையை உள்ளே விடாது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தரையில் கொட்டுங்கள். இனி தொட மாட்டோம் என்று தெரிந்ததைப் பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று அளக்க எடைத்தராசு போதும். 100 கிராமில் 200 மீட்டர் என்று லேபிள் சொன்னால், 37 கிராம் மிச்சம் என்பது 74 மீட்டர்.

பிள்ளைகளுக்குப் பின்னும்போது கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் முறையைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன். பின்னல் முடித்த முனையிலிருந்துதான் சுலபமாகப் பிரியும், தொடங்கிய முனையிலிருந்து பிரியாது. மேலிருந்து இறங்கினால் கையின் முடிந்த முனை மணிக்கட்டில் இருக்கும். கை வளர்ந்தால் அந்த ஓரத்தைப் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, டப்பாவில் கிடக்கும் எந்த நிறத்திலும் தொடரலாம். பெரியவனின் நீல ஸ்வெட்டருக்குக் கைமுனையில் இப்போது மூன்று பட்டைகள். முதலாவது பாட்டில் உறையின் மஞ்சள், இரண்டாவது அப்பா கையுறையின் சாம்பல். மூன்றாவது, அந்த ஆட்டைப் பிரித்து எடுத்த பழுப்பு.