கலங்கல் தண்ணீரைக் கணிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி மழையில் நீலகிரியின் குன்னூர் ஆறு செம்மண் நிறத்தில் ஓடினால் தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறோம். மாசியில் அதே ஆறு தெளிந்து ஓடினால் நல்ல தண்ணீர் என்கிறோம். மண் கண்ணுக்குத் தெரியும்; சாக்கடையோடு சேரும் கிருமி தெரியாது. ஊருக்குள் புகுந்து வரும் ஆற்றில், நீர்வரத்து குறைந்த மாதங்களில்தான் கழிவுநீரின் பங்கு கூடும்.

நிறமும் ஏமாற்றும். சோலையை ஒட்டிய சதுப்பிலிருந்து வரும் ஓடை சில நேரம் தேயிலை வடிநீர் நிறத்தில் இருக்கும். மக்கிய இலைதழையின் சாறு அது. கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்: அடியில் வண்டல் சேராது, நிறமும் போகாது.

ஆய்வுக்குத் தண்ணீர் பிடிப்பதில் நடக்கும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மழை விட்டு வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போய், கரையோரம் குனிந்து, மேல்மட்டத்தில் ஒரு பாட்டில் பிடித்து வருவார்கள். மலை ஆறு ஆண்டு முழுக்கச் சுமக்கும் மண்ணில் பெரும்பகுதி சில வெள்ள நாட்களிலேயே இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளை விட்டுவிட்டுப் போடும் ஆண்டுச் சராசரிக்கு என்ன மதிப்பு? வெள்ளம் ஏறும்போது சாலையோர மண்ணும், கேரட், உருளைத் தோட்டத்து மண்ணும், ஓடையில் தங்கியிருந்த வண்டலும் முதல் பாய்ச்சலிலேயே வந்துவிடும். வடியும்போது நீர்மட்டம் அதே அளவில் இருந்தாலும் கலங்கல் பெரும்பாலும் குறைந்திருக்கும். அதனால் பாட்டிலில் தேதியோடு நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுத வேண்டும்; மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும்தான். மணல் ஆற்றின் அடியை ஒட்டியே அதிகம் நகரும் என்பதால் மேல்நீரை மட்டும் பிடித்தால் அது கணக்கில் வராது. வெள்ளத்தில் ஆற்றுக்குள் இறங்காதீர்கள், பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினால் போதும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். அவலாஞ்சி, குந்தாப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும்; குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குதான் பெருமழை. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆடியில் கலங்குவதும் கார்த்திகையில் கலங்குவதும் பெரும்பாலும் வேறு வேறு சரிவு மண்ணால்.

கலங்கல் மீட்டர் காட்டும் என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) எண்ணையே மண்ணின் எடையாகக் கொள்வதும் சரியல்ல. ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. நுண்ணிய களிமண் கொஞ்சம் இருந்தாலே எண் எகிறும். அதே எடை மணலுக்குக் குறைவாகக் காட்டும். எடை வேண்டுமென்றால் வடிகட்டி, காயவைத்து, தராசில்தான் போட வேண்டும்.

பவானியில் உள்ள பில்லூர் அணைக்குக் கீழே தண்ணீர் தெளிந்திருக்கிறது, மண் பிரச்சினை தீர்ந்தது என்பாரும் உண்டு. வண்டல் அணைக்குள் படிந்து கொள்ளளவைத் தின்றுகொண்டிருக்கிறது. கோவைக்குக் குடிநீர் தரும் அணை அது.

கடைசியாக வீட்டுக்கு வருவோம். கலங்கல் நீரில் நேராகக் குளோரின் போடுவது வீண். துகள்களோடு வரும் கரிமப் பொருள் குளோரினை உறிஞ்சிவிடும், கிருமியும் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். தானாகத் தெளியட்டும் என்று காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள களிமண் துகளுக்கு அசையாத நீரிலேயே மூன்று நாளுக்கு மேல் ஆகும். பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைப்பதும், படிகாரம் போடுவதும் இந்த நுண்துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் தள்ளத்தான். கிருமியை ஒழிக்க அவற்றை நம்பக் கூடாது. குடிநீருக்கு இந்தியத் தரம் 1 என்.டி.யு.; வேறு வழியே இல்லையென்றால் 5 வரை. தெளிந்த மேல்நீரை மட்டும் இறுத்து, அப்புறம் கொதிக்க வையுங்கள். குளோரின் போடுவதானால் அரை மணி நேரம் விட்டுவிட்டுக் குடியுங்கள்.