புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபின் சிகிச்சையை எப்போது தொடங்குவது?

பயாப்ஸி அறிக்கை கைக்கு வந்த அன்று மாலையே, "ஆபரேஷன் எப்போது?" என்று வீட்டில் அத்தனை பேரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். என் மாமாவுக்கு 67 வயதில் இந்நோய் தெரியவந்தபோது நானும் அதையேதான் கேட்டேன். இன்று யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், தேதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அறிக்கையை எடுத்து வரச் சொல்கிறேன். புராஸ்டேட் புற்றுநோயில் அவகாசம் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல; சிலருக்கு அது மணிக்கணக்கு, சிலருக்கு வாரக்கணக்கு, இன்னும் பலருக்கு ஆண்டுக்கணக்கு.

மணிக்கணக்கில் செயல்பட வேண்டிய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளிக்குப் புதிதாகக் கடுமையான முதுகுவலி வந்து, கால்கள் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. எலும்புக்குப் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம் என்பதால், எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே செல்ல வேண்டும். நடை ஒரு முறை முற்றிலும் நின்றுவிட்டால் அதை மீட்பது மிகக் கடினம். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் நிறுவினார். அதற்காக அவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வழக்கத்தில் உள்ள ஹார்மோன் ஊசிகளில் பல, முதல் ஓரிரு வாரங்களுக்கு அந்த ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்குகின்றன. அந்த ஏற்றம் தண்டுவட அழுத்தத்தைக் கூட்டிவிடக்கூடும். ஆகவே எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஊசிக்கு முன்பாகவே, அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைடு போன்ற மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இத்தகைய அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் அறிக்கையை நிதானமாகப் படிக்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று: க்ளீசன் ஸ்கோர் (நுண்ணோக்கியில் தெரியும் புற்றுசெல்களின் வீரியத்துக்குத் தரும் இரு தர எண்களின் கூட்டுத்தொகை), இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவு, விரல் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் கட்டி எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பது. க்ளீசன் 6, பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே, கட்டி சுரப்பிக்குள் சிறிதாக இருப்பது ஆகிய மூன்றும் பொருந்தினால் அது குறைந்த அபாயம். க்ளீசன் 7 அல்லது பி.எஸ்.ஏ. 10 முதல் 20 வரை என்றால் நடுத்தரம்; அதிலும் 3+4 என்று எழுதியிருப்பதும் 4+3 என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல, பின்னது வீரியம் கூடியது. க்ளீசன் 8 அல்லது அதற்கு மேல், பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அபாயம் அதிகம்.

இதில் நாங்களே தடுக்கி விழுந்த ஓர் இடம் உண்டு. மாமா தம் பி.எஸ்.ஏ. எண்களைத் தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தார். கடைசி எண் 5.6. க்ளீசன் 3+3, எனவே குறைந்த அபாயம் என்று நிம்மதி அடைந்தோம். ஆனால் புராஸ்டேட் வீக்கத்துக்காக அவர் இரண்டு ஆண்டுகளாக டூட்டாஸ்டெரைடு கலந்த மாத்திரையை விழுங்கி வந்தார். அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் அம்மாத்திரை பி.எஸ்.ஏ. அளவைச் சுமார் பாதியாக்கிவிடும், ஃபினாஸ்டெரைடும் அப்படித்தான். ஆக அவருடைய உண்மையான அளவு ஏறத்தாழ 11, அதாவது ஒரு படி மேலே. மாறாக, சிறுநீர்த் தொற்று இருந்தாலோ அண்மையில் கதீட்டர் (சிறுநீர் வடிகுழாய்) போட்டிருந்தாலோ அளவு பொய்யாக ஏறும். எனவே மாத்திரைப் பட்டையையும் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே கோப்பில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

குறைந்த அபாயத்தில் உள்ளவர்களுக்கு உடனடிச் சிகிச்சையை விடத் தீவிரக் கண்காணிப்பே பெரும்பாலும் முதல் பரிந்துரை. பி.எஸ்.ஏ. பரிசோதனை சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இடையிடையே எம்.ஆர்.ஐ., குறித்த காலத்தில் மறு பயாப்ஸி என்று திட்டமிட்டுப் பார்த்துவந்து, நோய் மாறினால் அப்போது சிகிச்சைக்குச் செல்வதே இதன் முறை. சும்மா விட்டுவிடுவது என்று உறவினர்கள் தவறாக எண்ணுகிறார்கள். பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று பிரித்து 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 2 முதல் 3 சதவீதமே. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மற்ற இரு பிரிவிலும் அது சுமார் 5 சதவீதம். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னாளில் சிகிச்சை பெற்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மறுபக்கம், அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆறு மாதம் கழித்தும் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் அணிந்தார்கள். இவ்விரண்டையும் எடைபோடும் உரிமை நோயாளிக்கே உரியது. பிள்ளைகளின் பதற்றம் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடுத்தர அபாயத்தின் சாதகமான ஓரத்தில் இருக்கும் சிலருக்கும் கண்காணிப்பு பொருந்தலாம்; நடுத்தர அபாயத்தில் உள்ள மற்றவர்களும் அதிக அபாயத்தில் இருப்பவர்களும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட முடியாது. ஆயினும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். பயாப்ஸியால் ஏற்பட்ட வீக்கமும் இரத்தக்கசிவும் ஆற வேண்டும் என்பதற்காக அறுவையைச் சுமார் ஆறு வாரம் கழித்தே வைப்பது வழக்கம். அந்த வாரங்களில் பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகுத் துண்டுகளையும் ஆய்வகத்திலிருந்து கேட்டுப் பெற்று இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம். அறுவை செய்யும் யூராலஜிஸ்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல், கதிர்வீச்சு மருத்துவரையும் தனியே சந்திக்க வேண்டும். அபாயம் அதிகம் என்றால் நோய் உடலில் எங்கெல்லாம் பரவியுள்ளது என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்; தேவையென்றால் அதை முடிந்தவரை ஹார்மோன் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஏனெனில் ஊசி ஸ்கேனின் தோற்றத்தை மாற்றக்கூடும். அறுவைக்குக் காத்திருக்கும் நாட்களில் 'சும்மா இருக்க வேண்டாமே' என்று ஹார்மோன் போட்டுக்கொள்வது ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்படவில்லை. குடும்பத்தில் மார்பகம், சினைப்பை, புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் பரம்பரையாக இந்நோய்களுக்கு வழிவிடும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றத்துக்கான பரிசோதனை பற்றியும் பேசுங்கள். அதன் முடிவு காத்திருக்கலாமா என்பதையே மாற்றக்கூடும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், மருத்துவரின் அறையை விட்டு எழும் முன் இரண்டு விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில், என்ன மாற்றம் தெரிந்தால் திட்டம் மாறும். மாமாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகத்துக்குரிய வேறு இடம் இல்லை என்று உறுதியானபின், அவர் கண்காணிப்பைத் தேர்ந்துகொண்டார். அவருடைய நாட்காட்டியில் ஆறு மாதத்துக்கு ஒரு தேதி சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருக்கிறது, பி.எஸ்.ஏ. எண்ணின் பக்கத்தில் மாத்திரையின் பெயரையும் அவர் இப்போது தவறாமல் எழுதி வைக்கிறார்.