பெட்ரோல் அடிட்டிவ் ஊற்றும்போது பைக்காரர்கள் செய்யும் தவறுகள்

பைக் இழுக்கவில்லை, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வேகத்தைக் குறைத்தால் அணைந்துபோகிறது. மெக்கானிக்கிடம் போவதற்கு முன் பலரும் செய்யும் முதல் வேலை, இன்ஜினைச் சுத்தம் செய்யும் என்று எழுதியிருக்கும் ஓர் அடிட்டிவ் (பெட்ரோலில் கலக்கும் மருந்து) குப்பியை வாங்கிப் பெட்ரோல் டேங்கில் கவிழ்ப்பதுதான். சில நேரம் பலன் தெரியும். பல நேரம் எதுவுமே நடக்காது. ஏன் என்று யோசித்தால் விடை எளிது: டேங்கில் ஊற்றும் பொருள் பெட்ரோல் போகும் வழியில்தான் போகும். பெட்ரோல் தொடாத இடத்தை அதுவும் தொடாது. இதை மறப்பதுதான் தவறுகளில் தலையாயது.

இன்ஜெக்ஷன் வண்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜெக்டர், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டைத் தாண்டிய இடத்தில் உட்கார்ந்து, வால்வை நோக்கிப் பெட்ரோலைத் தெளிக்கிறது. தகட்டின் விளிம்பில் கறுப்பாகப் படியும் பிசுக்கும், ஐட்லிங் (த்ராட்டிலைத் திருகாமல் இன்ஜின் மெதுவாக ஓடுவது) காற்றுப்பாதையில் சேரும் அழுக்கும் இன்ஜெக்டருக்கு முன்பே இருப்பவை. ஐட்லிங் தடுமாறுவதற்கு அந்தப் பிசுக்குதான் காரணம் என்றால், எத்தனை குப்பி ஊற்றினாலும் அதன்மேல் ஒரு சொட்டுகூடப் படாது. த்ராட்டில் பாடியைத் திறந்து அதற்குரிய ஸ்ப்ரே அடித்துத் துடைக்க வேண்டியதுதான்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் கதை வேறு மாதிரி. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, அடியில் மிஞ்சும் பசை அந்தத் துளையில் இறுகிவிடும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் ஓர் ஒளிப்புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். புள்ளி ஒடுங்கியோ ஓரம் பிசிறியோ தெரிந்தால் அடைப்பு பாதிதான். அடிட்டிவ் மெல்ல மெல்லக் கரைக்க வாய்ப்புண்டு. புள்ளியே தெரியவில்லை என்றால், பெட்ரோல் நுழையாத துளைக்குள் மருந்து மட்டும் எப்படி நுழையும்? கழற்றிய கையோடு கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதிவிடுவதே சரி. ஊசி, கம்பி என்று எதையாவது விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, வண்டி அதன்பிறகு பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கும்.

அடுத்தது, குப்பியில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் வாங்குவது. கடையில் ஒரே வரிசையில் நிற்பவை எல்லாம் ஒரே வேலைக்கானவை அல்ல. இன்ஜெக்டர் கிளீனர் ஒன்று, ஆக்டேன் பூஸ்டர் ஒன்று, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று, நீர்நீக்கி ஒன்று. சுத்தம் செய்யும் வேலைக்கு வாங்குவதானால் பாலிஈதர்அமீன், சுருக்கமாக பிஇஏ, சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிக வெப்பத்தையும் தாங்கும் டிடர்ஜென்ட் என்பதால் இன்ஜெக்டர் முனையோடு நிற்காமல், வால்விலும் எரியறையிலும் படிந்த கரிவரை அது வேலை செய்யும். உள்ளே என்ன என்று சொல்லவே சொல்லாமல் மைலேஜ் கூடும் என்று மட்டும் சத்தியம் செய்கிற குப்பியை நான் தொடமாட்டேன்.

ஆக்டேன் பூஸ்டரைச் சுத்திகரிப்பு மருந்தாக நினைப்பவர்கள் நிறையப் பேர். அது இன்ஜின் தட்டுவதை, அதாவது பெட்ரோல் நேரம் தவறி எரிந்து டக்டக்கென்று சத்தம் வருவதைத் தடுக்கும் பொருள், கரியை நீக்காது. சாதாரணப் பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த, தட்டாத இன்ஜினுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. சில பூஸ்டர்களில் மாங்கனீசோ இரும்போ கலந்த சேர்மங்கள் உண்டு. அவற்றைத் தொடர்ந்து ஊற்றினால் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் செங்கல் நிறத்தில் ஒரு படலம் ஏறும். சுத்தம் செய்யப்போய் அழுக்கு சேர்த்த கணக்குதான். டீசலுக்கான குப்பியைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றுவது இன்னும் மோசம். அதில் சீட்டேன் எண்ணைக் கூட்டும் பொருள் இருக்கலாம். டீசலை எளிதில் பற்றவைக்கும் அதே குணம் பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது தட்டாமல் எரியும் திறனைக் குறைத்துவிடும்.

அளவில்தான் பைக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். குப்பிகளில் பல, கார் டேங்கை மனத்தில் வைத்து அடைக்கப்பட்டவை. 60 லிட்டருக்கு 500 மில்லி என்று போட்டிருந்தால், 12 லிட்டர் டேங்குக்கு 100 மில்லிதான். டேங்கில் பாதிதான் பெட்ரோல் இருக்கிறது என்றால் அதிலும் பாதி. ‘கொஞ்சம் கூடினால் நல்லதுதானே’ என்று முழுக் குப்பியையும் கவிழ்ப்பவர்கள், எரியாமல் மிஞ்சுவது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் இறங்கும் என்பதை யோசிப்பதில்லை. ஆயில் நீர்த்தால் உயவு குறையும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், அளவு குறித்த ஒரு சிரிஞ்சை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். அடிட்டிவை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினால் தானாகக் கலந்துவிடும். டேங்க் பெயின்டில் சிந்தினால் உடனே துடையுங்கள்.

ஊற்றியபின் அக்கம்பக்கத்தில் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்துவதும் வீண். இன்ஜின் நன்றாகச் சூடேறி, நெடுந்தூரம் சீராக ஓடினால்தான் கரி இளகும். முடிந்தால் ஆயில் மாற்றவேண்டிய நாளுக்குச் சற்று முன்பாக இதைச் செய்துகொள்ளுங்கள். ஆயிலில் இறங்கியது எதுவானாலும் பழைய ஆயிலோடு வெளியேறிவிடும். இன்னொன்று: ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் ஊற்றத் தேவையில்லை. நல்ல பெட்ரோலிலேயே டிடர்ஜென்ட் கலந்துதான் வருகிறது.

டேங்கில் துரு இருந்தால் எந்தக் கிளீனரும் கரைக்காது. தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். ஆல்கஹால் கலந்த நீர்நீக்கி சில மில்லி தண்ணீரைத் தன்னோடு கலந்து எரிக்க உதவும், அவ்வளவுதான். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்துவிடும். டேங்கின் அடிப்பகுதியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அசையாமல் கால் மணி நேரம் வையுங்கள். நடுவே கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரிந்தால் மருந்தைத் தேடாதீர்கள். டேங்கைக் காலி செய்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

ஸ்டெபிலைசரும் அப்படித்தான். கெட்டுப்போன பெட்ரோலை அது மீட்காது. வண்டியை நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால், புதுப் பெட்ரோலில் கலந்து சில நிமிடங்கள் இன்ஜினை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் டேங்குக்குப் பாதுகாப்பு கிடைக்கும், கார்புரேட்டருக்குக் கிடைக்காது.

வீட்டு வைத்தியங்களும் உண்டு. அசிட்டோனும் தின்னரும் ரப்பர் வளையங்களை ஊதச்செய்யும். பாச்சை உருண்டையைப் பெட்ரோலில் போட்டால் கரைந்துவிட்டது போலத்தான் தெரியும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியானதும் கிண்ணத்தின் அடியில் படிகமாக மீண்டும் உட்காரும்.

சரியான அளவில், ஒன்றிரண்டு டேங்க் ஓட்டியும் மாற்றம் தெரியாவிட்டால் குப்பியை மூடி வைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு ஸ்பார்க் பிளக், அதன்பின் வால்வு இடைவெளி. சைலன்சரில் நீலப் புகை வந்தால் அது ஆயில் எரியும் புகை. ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்கவேண்டிய மெக்கானிக் வேலை அது.