புதுக் காரில் விட்டு விட்டு வரும் கோளாறு: பிடிப்பது எப்படி, சரிசெய்ய வைப்பது எப்படி

கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும், மறுநாள் காணாமல் போயிருக்கும். திடீரென்று இழுவை குறையும், ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாலோ, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்ட குழந்தை மாதிரி சமர்த்தாக நிற்கும். "எல்லாம் ஓகேங்க சார், மறுபடி வந்தா கொண்டு வாங்க" என்று சாவியைக் கையில் கொடுப்பார்கள். சேலத்தில் கொண்டலாம்பட்டி தாண்டுவதற்குள் லைட் திரும்பவும் எரியும்.

அவர்களைத் திட்டிப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத கோளாறை யாராலும் சரிசெய்ய முடியாது. அது எப்போது, எந்த நிலைமையில் வருகிறது என்பது தினமும் வண்டியில் உட்காருகிற உங்களுக்குத்தான் தெரியும். அதைப் பிடித்து, எழுதி, அவர்கள் முன்னால் வைப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் செய்யலாம்.

படி 1: ஓட்டலாமா, கூடாதா?

பிரேக் மிதி உள்ளே போவது, ஸ்டீயரிங் திடீரென்று இறுகுவது, ஓடும்போதே என்ஜின் அணைவது, பெட்ரோல் வாடை, வயர் கருகும் வாடை, சிவப்பு லைட். இதில் எது வந்தாலும் கீழே சொல்லியிருக்கிற எதையும் முயற்சி செய்ய வேண்டாம். ஓரமாக நிறுத்தி, ரோடு சைடு அசிஸ்டன்ஸை அழைத்து, வண்டியை ஏற்றி அனுப்புங்கள். புதுக் கார்களுக்கு முதல் சில வருடங்கள் இந்தச் சேவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். இப்படிப்பட்ட வண்டியை எடுத்துக்கொண்டு "ஏற்காடு போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று கிளம்பவே கூடாது.

படி 2: கோளாறா, குணமா?

கையேட்டை எடுத்துப் படியுங்கள். கோளாறு என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் வண்டியின் இயல்பாகவே இருக்கும். சிக்னலில் தானாக அணையும் வசதி பேட்டரி சார்ஜ் குறைந்தாலும், ஏசிக்கு அதிக வேலை இருந்தாலும் வேலை செய்யாது. வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சற்று நேரம் ஓடலாம். குளிர்ந்த காலையில் டயர் காற்று லைட் எரிந்து, சில கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் அணைந்தால் காற்று கொஞ்சம் குறைவு என்றுதான் அர்த்தம். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் என்ஜின் மேலே போகப் போகக் கொஞ்சம் சோர்வது இயற்கை.

படி 3: குறிப்பு நோட்டு

இருப்பதிலேயே முக்கியமான வேலை இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. ஒரு சின்ன நோட்டை டாஷ்போர்டு அறையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை கோளாறு வந்ததும், வண்டியை நிறுத்திய பிறகு இவற்றை எழுதுங்கள்: தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், இடம், வேகம், கியர், ஏற்றமா இறக்கமா, வண்டி எடுத்து எவ்வளவு நேரமானது, வெயிலா மழையா, ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் அல்லது டீசல், ஃபோன் கேபிளில் மாட்டியிருந்ததா, வண்டியில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம், எப்படிச் சரியானது என்பதையும்: தானாகவா, ஆஃப் செய்து ஆன் செய்த பிறகா?

கடைசியில் சொன்ன "யார் எங்கே" என்பது அதிகப்படி என்று தோன்றலாம். என் மச்சான் காரில் ஏர்பேக் லைட் மாதக்கணக்கில் வந்து வந்து போனது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது: அவர் தனியாக ஆபீஸ் போகும்போது லைட் வருவதே இல்லை, குடும்பத்தோடு போனால்தான் வருகிறது. டெக்னீஷியன் எப்போதும் தனியாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார். அடுத்த முறை என் அத்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனோம். அத்தை காலை நீட்டியதும் முன்சீட்டுக்கு அடியில் கிடந்த மடக்குக் குடை நகர்ந்து, அங்கே இருந்த மஞ்சள் கனெக்டரின் வயரை இழுத்தது. லைட் எரிந்தது. டெக்னீஷியன் தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கனெக்டரின் பூட்டு முழுதாக விழாமல் பாதியில் நின்றிருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சரியாக அழுத்தி, வயரை கிளிப்பில் மாட்டியதோடு விஷயம் முடிந்தது. குடை டிக்கிக்குப் போனது.

ஒரு எச்சரிக்கை: மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கனெக்டரோ இருந்தால் அது ஏர்பேக் வயர். நீங்கள் கை வைக்காதீர்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லைட் எரியும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டரும் படத்தில் தெரிய வேண்டும். சத்தம் என்றால் ரேடியோவை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம்.

படி 4: வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

புது வண்டியில் பாகம் தேய்ந்து போயிருக்க வாய்ப்புக் குறைவு. விட்டு விட்டு வரும் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் தொடர்பு சரியாக இல்லாததுதான்: பூட்டாத கனெக்டர், தளர்ந்த எர்த் போல்ட், எங்கோ உரசும் வயர், உள்ளே போன ஈரம், இல்லாவிட்டால் மென்பொருள் பிழை. சூட்டில் உலோகம் விரியும், குளிரில் சுருங்கும், குண்டும் குழியுமான ரோட்டில் அதிரும். அதனால்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

என்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளில் இருக்கிற கிளாம்பை, முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று எனக் கையால் மெதுவாகத் திருகிப் பாருங்கள். கொஞ்சமும் அசையக் கூடாது. சம்பந்தமே இல்லாத நாலைந்து லைட்டுகள் ஒரே நேரத்தில் எரிந்து அணைந்தால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். எலிப் புழுக்கை, வைக்கோல், துணிக் கிழிசல் தெரிகிறதா என்றும் பாருங்கள். எலி கடித்த வயருக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. ஆகவே அது உங்கள் கண்ணில் முதலில் படுவது நல்லது.

சாவி தெரியவில்லை என்று வண்டி சொன்னால், சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். சாவியையும் ஃபோனையும் ஒரே பையில் போடாமல் இருந்து பாருங்கள்.

வெளியே மாட்டிய சாமான்கள்: டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா, பெரிய ஹாரன், கூடுதல் விளக்கு, சீட்டுக்கு அடியில் வூஃபர். எல்லாவற்றையும் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள். வயரை வெட்டி ஒட்டுப்போட்டு மாட்டிய எதுவும் சந்தேகத்துக்கு உரியதுதான். அதைக் காட்டியே வாரண்டியை மறுப்பார்கள் என்பது வேறு தலைவலி.

படி 5: ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. ஃபோனில் ஒரு ஆப் போதும். வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்திருக்கும் கோடுகளை, அதாவது கோளாறைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகளை, அது காட்டும். பி0300 என்றால் சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியாமல் போவது. யு என்று தொடங்கினால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் தகராறு. மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக், பிரேக் கோடுகளுக்கு சர்வீஸ் சென்டர் ஸ்கேனர்தான் வேண்டும்.

கோடு விழுந்த நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம், எவ்வளவு சூடு என்பதும் கூடவே பதிவாகும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஆப்பில் தேடுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "பெண்டிங்" என்று காட்டும் கோடுகளையும் சேர்த்து எடுங்கள். லைட் எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத கோளாறுகள் அங்கேதான் இருக்கும்.

கோடுகளை அழிக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்தால் சாட்சியம் அழிந்துவிடும். லைட் தானாக அணைந்தாலும் பழைய என்ஜின் கோடு வழக்கமாக 40 முறை என்ஜின் சூடாகி ஆறும் வரை நினைவில் இருக்கும், அதனால் அவசரம் இல்லை.

படி 6: வேண்டுமென்றே வரவழைப்பது

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே பயணத்தில் ஏற்றம், இறக்கம், வெயில், குளிர், சில மாதங்களில் பனிமூட்டம் எல்லாம் கிடைக்கும். ஆபத்தில்லாத கோளாறு என்று உறுதியானால் மட்டும், பகலில், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு போங்கள். கோடை விழா சமயத்தில் வேண்டாம். நெரிசலில் ஊர்வதைத் தவிர ஒன்றும் நடக்காது.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும் வளைவில் மட்டும் ஹாரனோ ஸ்டீயரிங் பட்டன்களோ வேலை செய்யாமல் போனால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயரைப் பார்க்கச் சொல்லலாம். டேங்கில் எரிபொருள் குறைவாக இருக்கும்போது, செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் திணறினால் டேங்க், பம்ப் பக்கம். ஏற்றத்தில் நெடுநேரம் இழுத்த பிறகுதான் வருகிறது என்றால் சூடு. பனியிலும் மழையிலும் மட்டும் வந்தால் ஈரம். இறங்கும்போது மட்டும் என்றால், கியரில் பிடித்து இறங்கும்போதா, பிரேக்கை மிதிக்கும்போதா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒருமுறை ஏசி போட்டு, ஒருமுறை ஏசி இல்லாமல். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

படி 7: ஜாப் கார்டு

"செக் என்ஜின் லைட் வருது, பாருங்க" என்று சொன்னால் சர்வீஸ் அட்வைசரும் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதும் சீட்டு) அதையேதான் எழுதுவார். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு 10 நிமிடத்துக்குள், இரண்டாவது கியரில் ஏற்றத்தில், ஏசி ஓடும்போது குலுங்குகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது." நோட்டின் நகலையும் வீடியோவையும் கொடுங்கள். காலைக் குளிரில்தான் வரும் என்றால் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நீங்களும் கூடப் போங்கள். "சார், நானும் வர்றேங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

"சும்மா பார்த்துக் கொடுத்துடறோம், ஜாப் கார்டு எதுக்குங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்டு இல்லாவிட்டால் நீங்கள் வந்ததற்கே ஆதாரம் இல்லை. கோளாறு கிடைக்கவில்லை என்றால் அதையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். உங்கள் மாடலுக்கு மென்பொருள் அப்டேட்டோ ரீகாலோ (கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பாகம் மாற்றியோ வயரைச் சரிசெய்தோ கொடுத்தால், கோளாறு வந்த அதே ரோட்டில், அதே நேரத்தில், அதே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

படி 8: திரும்பத் திரும்ப வந்தால்

ஒரே கோளாறுக்கு மூன்றாவது ஜாப் கார்டு விழுந்ததும் வாய்ப்பேச்சை நிறுத்தி எழுத்துக்கு மாறுங்கள். சர்வீஸ் மேனேஜருக்கும், கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். ஜாப் கார்டு எண்கள், தேதிகள், ஒவ்வொரு முறையும் என்ன செய்தார்கள் என்பது மட்டும் இருக்கட்டும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். கம்பெனியின் ஏரியா இன்ஜினியரை அனுப்பிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாரண்டி முடியும் தேதி நெருங்கினால், வாரண்டிக் காலத்திலேயே புகார் செய்த கோளாறு இது என்று அந்த மின்னஞ்சலில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அமெரிக்காவில் இருப்பதுபோல் கோளாறுள்ள காருக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் போக வேண்டும். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சேலத்தில் குடியிருப்பவர் சேலத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. கட்டணமும் சொற்பம்: 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

தயாரிப்பிலேயே குறை என்று வாதாடினால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆணையமே வண்டியைச் சோதனைக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. சோதனை நாளில் கோளாறு வராமல் போகவும் கூடும். அப்போது ஆணையத்தின் மேஜையில் இருப்பது ஜாப் கார்டுகளும், தேதியோடு எழுதிய நோட்டும், கிலோமீட்டர் தெரிகிற வீடியோக்களும்தான்.