விடுமுறையில் பிள்ளையை வாசிக்க வைக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே பல வீடுகளில் சுவரில் ஓர் அட்டவணை ஏறிவிடுகிறது. காலையில் ஒரு மணி நேரம் வாசிப்பு, அப்புறம் பத்துப் புதுச் சொற்கள், மாலையில் கையெழுத்துப் பயிற்சி. ஒரு வாரம் ஓடும், பிறகு நின்றுவிடும். "இவனுக்குப் படிக்கவே பிடிக்கலை" என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். பாவம், பிள்ளை இன்னும் ஒரு புத்தகத்தைக்கூடத் தன் விருப்பப்படி கையில் எடுத்திருக்க மாட்டான்.

முதல் தவறு அங்கேயே இருக்கிறது: எதை வாசிப்பது என்பதை நாமே முடிவு செய்வது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற இரு கல்வியாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைதோறும் அவர்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களைக் கொடுத்தார்கள். இப்படி மூன்று கோடைகள். முடிவில், புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் முன்னே இருந்தார்கள். மிகவும் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதலாகவே கிடைத்தது. 2010இல் வெளியான இந்த ஆய்வை நான் சந்திக்கும் பெற்றோரிடமெல்லாம் சொல்வதுண்டு.

பாம்பு பற்றிய புத்தகமா, சரி. கிரிக்கெட் வீரர் கதையா, சரி. படக்கதையா, தாராளமாக. ஒரே புத்தகத்தை எட்டாவது தடவையாகப் புரட்டினாலும் பிடுங்காதீர்கள். திரும்பத் திரும்பப் பார்க்கும் சொல்தான் மனதில் தங்கும். பாதியில் பிடிக்காமல் மூடி வைத்தால் மூடட்டும். வயதுக்குக் குறைந்த புத்தகம் என்ற கவலையும் வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளை 'நட'வில் தொடங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை நாம் வாசித்துக் காட்டலாம். தனியாக வாசிக்க வேறொன்று எடுக்கட்டும்.

வாசித்துக் காட்டுவது என்றதும் அடுத்த தவறு நினைவுக்கு வருகிறது. இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் "இனி நீயே படிச்சுக்கோ" என்று விட்டுவிடுகிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. வீட்டில் அவள் கேட்பது "போயிட்டு வந்தாங்க". புத்தகத்தில் இருப்பது "சென்று வந்தனர்". எழுத்துத் தமிழ் காதில் விழுந்து பழகாமலே கண்ணால் அதை எதிர்கொள்கிறாள். தடுமாற்றம் அறிவுக் குறைவால் வருவதில்லை, கேட்காததால் வருவது. இரவு தூங்கும் முன் பதினைந்து நிமிடம் போதும். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள். நடுவில் ஒரு சொல்லில் திணறினால் மெதுவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடருங்கள். "மறுபடி எழுத்துக் கூட்டு" என்று நிறுத்தி நிறுத்தி வாங்கினால் கதை செத்துவிடும்.

அதேபோல, புத்தகத்தை மூடியதும் "இதன் நீதி என்ன?" என்று கேட்பது. அந்தக் கேள்வி வந்ததுமே அது பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. "அந்த நரி ஏன் திரும்பி வந்துச்சு? நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேளுங்கள். பதில் தப்பாக இருக்க வழியில்லாத கேள்விக்குத்தான் பிள்ளைகள் வாய் திறந்து நீளமாகப் பேசுவார்கள்.

சொல்வளத்துக்கு வருவோம். தினமும் பத்துச் சொல்லும் பொருளும் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பது நேர விரயம். ஒரு பொருளோடு, ஒரு வேலையோடு ஒட்டிக்கொண்ட சொல்தான் நிற்கும். மே மாதம் ஆச்சி வீட்டில் கூழ் வடகம் போடும் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கூழ் கட்டி தட்டாமல் துழாவ வேண்டும். பதம் வந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும். மாடியில் பழைய வேட்டியை விரித்து நான்கு முனையிலும் கல் வைத்து, அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மீண்டும் சுக்காகக் காயவைக்க வேண்டும். துழாவுவது, கிளறுவது, கிண்டுவது எல்லாம் வேறு வேறு என்பது கரண்டியைப் பிடித்த பிள்ளைக்குத் தானே விளங்கும். டப்பாவில் ஒட்டும் சீட்டில் "கூழ் வடகம், மே 12" என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். காக்கையை விரட்டிய கதையை அப்பாவுக்கு போனில் சொல்லட்டும். அவசர அவசரமாக "போய் விளையாடு, இடைஞ்சல் பண்ணாதே" என்று விரட்டுவதால் நாம் இழப்பது இவ்வளவும்.

ஆங்கில வழிப் பள்ளி என்பதால் விடுமுறையில் ஆங்கிலக் கதை மட்டும் என்று கட்டாயப்படுத்துவதும் சரியில்லை. ஒரு விஷயம் தமிழில் நன்றாகப் புரிந்திருந்தால், ஆங்கிலத்தில் அதற்கான சொல்லைக் கற்பது எளிது. இரண்டும் இருக்கட்டும்.

பரிசு காட்டுவதில் கவனம் தேவை. 1973இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினரின் ஆய்வில், ஆசையாக வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனது. "பத்துப் பக்கம் படி, அரை மணி போன் தர்றேன்" என்பதும் அதே கதைதான்: வாசிப்பு கூலி வேலையாகவும் போன் சம்பளமாகவும் ஆகிவிடும்.

புத்தகம் கிழிந்துவிடும் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில், ஊஞ்சல் பக்கம், கட்டில் தலைமாட்டில் கிடக்கட்டும். வாங்க வசதி இல்லையென்றால் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். சென்னை கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதிகள் உள்ளன. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிடித்ததை அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தால் அது பிள்ளையின் சொந்தப் புத்தகம்.

கடைசியாக ஒன்று. ஜூனில் பள்ளி திறந்ததும் "இனிமே பாடத்தைப் படி" என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம். பகலில் நேரம் இல்லாமல் போகலாம். தூங்கும் முன் வாசிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.