கண் சதை ஆபரேஷனில் ஒட்டு வைப்பது: கற்றுக்கொள்ளும் டாக்டர்களுக்கு

டெரிஜியம், அதாவது கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழி மேல் வளரும் சதையை உரித்து எடுப்பது சீக்கிரம் கைவந்துவிடும், அது திரும்ப வளராமல் ஒட்டு வைப்பதில்தான் உண்மையான வேலை. சதையை எடுத்துவிட்டு ஸ்க்ளீராவை (கண்ணின் வெள்ளைச் சுவர்) மூடாமல் விட்ட பழைய முறையில் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. 1985-இல் கென்யன் குழுவினர் எழுதிய, நோயாளியின் சொந்த கன்ஜங்டைவாவையே (வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம்) எடுத்து மூடும் முறைதான் இன்றும் முதல் தேர்வு.

கருவிழியிலிருந்து சதையின் தலையை உரித்து, அடியிலுள்ள டெனான் திசுவை (கன்ஜங்டைவாவுக்கும் ஸ்க்ளீராவுக்கும் இடையிலுள்ள நார்த்திசு)த் தாராளமாக அகற்றுங்கள். கண்ணை அசைக்கும் மூக்குப் பக்கத் தசை எங்கே ஓடுகிறது என்பதில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும், திரும்ப வந்த சதையில் அது வடுவோடு சிக்கியிருக்கும்.

அப்புறம் ஒட்டு. மேல் இமைக்கு அடியில், காதை நோக்கிய பக்கமாக, மூட வேண்டிய இடத்தைவிட அரை முதல் 1 மி.மீ. பெரிதாக அளந்து மையால் குறியுங்கள். கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருந்தாலோ வர வாய்ப்பிருந்தாலோ மேல் பக்கத்தைத் தொடாதீர்கள், பின்னால் அந்த ஆபரேஷனுக்கு அந்த இடம் வேண்டும், கீழிருந்து எடுங்கள். படலத்துக்கு அடியில் மருந்து செலுத்தி உப்ப வைத்து, கத்திரியை நுழைத்துப் பிரிக்கும்போது அதன் நுனி மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் டெனானும் கூடவே வருகிறது என்று அர்த்தம், அந்த ஒட்டு பிறகு சுருங்கும், வீங்கும். என்னைக் கேட்டால் தையலா பசையா என்ற விவாதத்தைவிட ஒட்டின் இந்த மெல்லிசுதான் முக்கியம்.

எடுத்ததைத் தூக்கிப் புரட்டாமல் கருவிழி மேலேயே நகர்த்துங்கள். மைக்குறி மேல் பார்த்தும், லிம்பஸ் (கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பு) ஓரம் லிம்பஸ் பக்கமும் இருக்க வேண்டும்.

பொருத்த, 10-0 நைலான் தையல் உறுதியானது, ஆனால் உறுத்தும். ஃபைப்ரின் பசை (ரத்தம் உறைய வைக்கும் புரதத்தால் ஆன பசை) வேகமானது, வலியும் குறைவு. நோயாளியின் ரத்தத்திலேயே ஒட்ட வைக்கலாம், ஆனால் பல நிமிடம் அசைக்காமல் காத்திருக்க வேண்டும், ஒட்டு நழுவும் வாய்ப்பும் கூடுதல். இரண்டு பக்கமும் பெரிய சதை, எடுக்கப் போதிய கன்ஜங்டைவா இல்லை என்றால் பனிக்குடப் படலம் கைகொடுக்கும், திரும்ப வருவது மட்டும் சற்று அதிகம். செல் வளர்ச்சியைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்து ஸ்க்ளீராவையே கரைத்துவிடக்கூடும், முதல்முறை சதைக்கு அவசரப்பட்டு அதை எடுக்காதீர்கள்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறையுங்கள், கண் அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருங்கள். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும், அதுவரை நோயாளியை விடாமல் வரவழையுங்கள்.